அரைநாள் மாத்தளை

ஓர் ஊரில் குடியிருப்பவர் அவ்வூரைச் சுற்றிப் பார்ப்பது அபூர்வம். மதுரையில் வீடு உடையவர் ஆயிரங்கால் மண்டபத்தைக் காண நாள் ஒதுக்குவதில்லை; யாழ்ப்பாணத்தார் கோட்டையை எட்டிப் பார்ப்பது விருந்தினர் வந்தால்தான். மாத்தளையில் வாழும் எங்களுக்கும் இது பொருந்தும். கச்சேரிக்குப் போகும் வழி, சந்தைக்குப் போகும் வழி, பிள்ளைகளின் பாடசாலைக்குப் போகும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே எங்கள் மாத்தளை. கண்டியில் தங்கும் உல்லாசப் பிரயாணிகளோ காலையில் ஒரு வாடகை வண்டியில் ஏறிப் புறப்பட்டு, அம்மன் கோயிலையும் குகை விகாரையையும் வாசனைத் திரவியத் தோட்டத்தையும் கண்டுவிட்டு, மதிய உணவுக்குக் கண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் அரை நாளில் காணும் மாத்தளை எத்தகையது என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு அண்மையில் எங்கள் தம்பதியருக்குக் கிட்டியது. அதைத் தந்தவர் எங்கள் அத்தையார்.

அத்தையார் பிறந்தது மாத்தளைக்குக் கிழக்கே உள்ள மலைத் தோட்டம் ஒன்றில். 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை மலையகத்தில் அறியாத வீடு இல்லை. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். கணக்கு அரசாங்கங்களுக்குச் சரியாக இருந்தது; குடும்பங்களுக்கு அப்படி அமையவில்லை. எங்கள் வீட்டில் பாட்டனார் இந்தியாவுக்கும் தகப்பனார் இலங்கைக்கும் மனுக் கொடுத்தனர். 1973ஆம் ஆண்டு பாட்டனாருடன் அத்தையாரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. மண்டபம் முகாமில் சில காலம் இருந்த பின்னர், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தின் கீழ், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

இந்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை. இப்போது, இராமாயணத் தலங்களைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துவரும் பிரயாணக் குழு ஒன்றில் பேரப்பிள்ளைகள் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். குழு கண்டியில் இரண்டு இரவுகள் தங்கும். அதில் ஒரு முற்பகல் கடைவீதிக்குப் போக ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த முற்பகலை அத்தையார் மாத்தளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பொறந்த ஊருக்கு வந்தும் எனக்கு அரைப்பேருதானா!" என்று தொலைபேசியில் அவர் சிரித்தார்.

தோட்டத்துப் பேச்சு அறியாத வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோல் ஏட்டில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதி நாள் கூலிதான் எழுதப்படும். அதுவே அரைப்பேர். வேலை செய்ததும் உண்மை, முழுமையாகக் கணக்கில் வராததும் உண்மை என்னும் நிலை அது. ஒரு வேடிக்கையாகத்தான் அத்தையார் அச்சொல்லைச் சொன்னார். அன்று முழுவதும் அது எங்களுடன் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

பிரயாணத்துக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாட்டை இங்கே சொல்லிவிடுவது பிறருக்கும் பயன்படும். வண்டியைப் பேசும்போதே போகும் இடங்கள் யாவை, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பது, காத்திருப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடையில் நிறுத்த வேண்டும், எதில் நிறுத்த வேண்டாம் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் வெயிலுக்கு முன் குகைகளில் ஏறி இறங்கிவிடலாம். எங்களுக்கு வாய்த்த சாரதி மாத்தளையைச் சேர்ந்த சிங்கள இளைஞர். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பழகிய தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது. அத்தையாரை 'அம்மா' என்றே அழைத்தார்.

கண்டியிலிருந்து மாத்தளை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணையின் நெருக்கமான கடைவீதியில் ஊர்ந்து, அலவத்துகொடையைத் தாண்டினால் நிலம் மெல்லத் தாழ்ந்து காற்றில் வெம்மை கூடுகிறது. கொழுந்து மலைகளின் குளிரும் வடக்கின் உலர்ந்த சமவெளியின் சூடும் சந்திக்கும் வாசற்படி மாத்தளை. தேயிலை, றப்பர், கொக்கோ, மிளகு, கராம்பு யாவும் ஒரே பிரதேசத்தில் விளைவதற்கு இதுவே காரணம். இந்தச் சாலை ஏ-9 என்னும் எண் பெற்ற பெருவீதி. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா வழியே யாழ்ப்பாணம் வரை செல்வது. அதன் எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அதனிடம் திரும்பி வருவோம்.

முதலில் இறங்கியது முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தில். நகருக்குள் நுழையும் எவர் கண்ணிலும் முதலில் படுவது அதன் 108 அடி உயர இராசகோபுரம். வழிகாட்டிகள் அதன் உயரத்தையும் சுதைச் சிற்பங்களின் தொகையையும் சொல்வார்கள். அம்மன் ஏன் இங்கே வந்தாள் என்பதைச் சொல்பவர் குறைவு. வெள்ளைக்காரத் துரைமார் மலைகளில் கோப்பி பயிரிட்ட காலத்தில், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கங்காணிகளின் பின்னே வந்தார்கள். அம்மையும் வாந்திபேதியும் அவர்களைத் தொடர்ந்து வந்தன. மழைக்கும் அம்மை நோய்க்கும் உரிய தெய்வமாகிய மாரியை விட்டால் அவர்களுக்கு வேறு வைத்தியர் இல்லை. மரத்தடியில் வைத்து வணங்கிய உருவமே வளர்ந்து பின்னர் கோயிலாயிற்று என்பது ஊர் வரலாறு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கோயிலை வளர்த்தார்கள். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் ஓடும் பஞ்சரத பவனியைக் காணச் சுற்றுத் தோட்டங்கள் எல்லாம் இறங்கி வரும், இன்றும் வருகின்றன. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் கோயில் தாக்கப்பட்டுத் தீக்கும் ஆளாயிற்று. இன்று நிற்பது அதன் பின்னர் மீண்டும் எழுந்து நிற்கும் கோயில்.

அத்தையார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பி மலையைப் பார்த்தார். தகப்பனாரின் தோளில் இருந்து தேர் பார்த்த இடம் இதுதான் என்றார். "தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வருவோமா?" என்று கேட்டோம். "வேணாம். அங்க போனா அரைநாள் பத்தாது," என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்து நகரின் பழைய சின்னங்கள். 1803ஆம் ஆண்டு கண்டி அரசின் மீது படையெடுத்த ஆங்கிலேயர், தளபதி மக்டவலின் பெயரால் இங்கே ஒரு கோட்டை கட்டினர். அவ்வாண்டே கண்டியில் அவர்களின் படை அழிந்தது. கோட்டையில் எஞ்சியது வாயிலும் மதிலின் சில பகுதிகளுமே. உள்ளே இருப்பது இடுகாடு. கோட்டை வாயிலைக் கடந்து இடுகாட்டுக்குள் செல்லும் விசித்திரம் வேறு எங்கும் கிடைப்பது அரிது. நகரத்தில் மற்றொரு சின்னம் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கானது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதித்தார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார். அவ்வாண்டு யூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். வீர புரன் அப்புவின் தலைமையில் மக்கள் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினர். ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். அடக்குமுறை மிகக் கொடிதாக இருந்தமையால் டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்த வரலாற்றை எங்கள் சாரதி பாடசாலைப் பாடமாகச் சொல்லவில்லை. வீட்டுக் கதையாகச் சொன்னார். "கோப்பிக்காகத்தான் மாத்தயா எங்கள் ஆட்களின் சேனைக் காணியை எடுத்தது," என்றார்.

"எங்க ஆளுங்கள கொண்டாந்ததும் அந்தக் கோப்பிதான் தம்பி," என்றார் அத்தையார்.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. ஒரே பயிர் ஒருவரை நிலத்திலிருந்து அகற்றியது. மற்றொருவரை நிலமின்றிக் கொண்டுவந்து நிறுத்தியது. இதனை எடுத்துச் சொல்லும் பலகையை நாங்கள் எங்கும் கண்டதில்லை. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலை நோய் சில ஆண்டுகளில் கோப்பியையே அழித்துவிட்டது. புகையிரதம் 1880இல் மாத்தளை வந்து சேர்ந்தபோது அது ஏற்றிச் செல்ல வேண்டிய கோப்பி வீழ்ச்சியில் இருந்தது. பயிர் போயிற்று, அதனால் இடம் மாறிய மக்கள் தங்கிவிட்டார்கள்.

வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் வண்டியை நிறுத்தாமல் மாத்தளைப் பிரயாணம் நிறைவு பெறாது. அளுவிகாரைப் பக்கம் சாலையின் இருமருங்கிலும் அவை நிறைந்துள்ளன. வழிகாட்டி இலவசமாகவே சுற்றிக் காட்டுவார். முடிவில் தைலப் புட்டிகள் அடுக்கிய கடைக்கு அழைத்துச் செல்வார். விலை சந்தை விலையாக இராது என்பதை அறிந்து போனால் மனக்கசப்பு இல்லை. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி மிளகுக் கொடியைக் காட்டி விளக்கத் தொடங்கினார். அத்தையார் பொறுமையாகக் கேட்டார். பின்னர், காய் முற்றியதும் பறித்துக் காயவைத்தால் கருமிளகு, பழுத்ததை ஊறவைத்துத் தோல் உரித்தால் வெண்மிளகு, இரண்டும் ஒரே கொடிதான் என்று அவரே சொன்னார். சாதிக்காயைப் பிளந்து, உள்ளே சிவந்த வலை போலச் சுற்றியிருக்கும் சாதிபத்திரியை நகத்தால் கிழிக்காமல் எடுத்துக் காட்டினார். வனிலாப் பூவுக்கு இங்கே உரிய வண்டு இல்லாமையால் மனிதர் கையாலேயே மகரந்தம் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குப் புதிய செய்தி. பாதித் தோட்டம் செல்வதற்குள் வழிகாட்டி மாணவரானார். கடைப் பக்கம் எங்களை அவர் அழைத்துச் செல்லவே இல்லை; தேநீர் கொடுத்து வழியனுப்பினார்.

வழியில் ஓரிடத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. உள்ளூரார்க்கு ஒரு முறை, வெளிநாட்டார்க்கு வேறொரு கட்டணம். "அம்மா நம்ம ஊர்தானே, சும்மா வாங்க," என்றார் சாரதி. அத்தையார் கைப்பையைத் திறந்து இந்தியக் கடவுச்சீட்டை எடுத்து, வெளிநாட்டார் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தார். "வெளியூர்க்காரின்னு எழுதித்தானே அன்னைக்கு அனுப்பினாங்க. இன்னைக்கு நான் ஏன் பொய் சொல்லணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. சீட்டை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நகருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தொலைவில் அளுவிகாரை. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடுக்குகளில் குகைக் கோயில்கள். ஒரு குகையில் பாவம் செய்தோர் நரகத்தில் படும் துன்பங்களை ஓவியமாகவும் உருவமாகவும் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதையே முதலில் பார்க்க ஓடுவார்கள். ஆயினும் இவ்விடத்தின் பெருமை வேறு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபய மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த மறையாகிய திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இங்கே என்பது மரபு.

அதன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த ஐந்து தமிழ்த் தலைவர்களின் படையெடுப்பால் மன்னன் அரியணை இழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். நாட்டில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. பிக்குகள் பலர் பசியால் மடிந்தனர். மறை முழுவதும் மனிதரின் நினைவிலேயே இருந்தமையால், ஒருவர் இறந்தால் அவர் மனனம் செய்திருந்த பகுதியும் அவருடன் போகும் நிலை. எஞ்சியோர் அஞ்சினர், கூடி அமர்ந்து எழுதினர். ஐந்நூறு பிக்குகள் எழுதினர் என்பர். அவர்கள் எழுதியது பிற்காலத்தில் ஆசிய நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. இங்கிருந்த பழைய ஏட்டுச் சாலையோ 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அழிந்தது. ஏடும் அழியக்கூடும். எனினும் ஏடாக்கப்பட்டமையால் அல்லவா பிற இடங்களில் அது வாழ்ந்தது?

விகாரைக்கு வருவோர்க்கு ஓலையில் எழுதும் முறையைச் செய்து காட்டுகிறார்கள். தாளிப்பனையின் இளம் ஓலையை வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியது முதலில் கண்ணுக்குத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்தால் எழுத்து மட்டும் கறுத்து நிற்கும். விரும்பியோர்க்குச் சிறு ஓலை நறுக்கில் பெயர் எழுதித் தருகிறார்கள். பெறுவோர் தம்மால் இயன்றதைக் காணிக்கையாக இடுகிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் தம் பெயரை எழுதச் சொல்வது வழக்கம்.

எழுதுபவர் அத்தையாரின் பெயரைக் கேட்டார். அத்தையார் வேறொரு பெயரைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத பெயர் அது. நாங்கள் வியப்புடன் பார்த்தோம். அதன் பிறகுதான் இந்தக் கதை எங்களுக்குத் தெரிந்தது. பாட்டியின் தாயார் ஏழு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார். உடன் நடந்த பத்து வயது அக்காள் வழியில் வாந்திபேதி கண்டு இறந்தாள். நாலந்தாவுக்கு அப்பால், ஓர் ஆற்றங்கரை அம்பலத்தின் அருகே புதைத்துவிட்டு, மறுநாள் காலை கங்காணி கூப்பிட்டதும் மற்றவர்கள் நடந்தார்கள். பாட்டியின் தாயார் இதனைப் பாட்டிக்குச் சொன்னார். பாட்டி கொழுந்து நிரையில் நின்று அத்தையாருக்குச் சொன்னார். தகப்பனாருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஆம்பளைங்க கேக்கல," என்றார் அத்தையார்.

"மத்தவங்களுக்குச் செக்ரோல்லயாவது பேர் விழுந்துச்சு. அந்தப் புள்ளைக்கு அரைப்பேரும் விழல," என்றும் சொன்னார்.

எழுதுபவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நாங்கள் கடதாசியில் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுழியாகப் பார்த்துப் பார்த்துக் கீறினார். மை பூசித் துடைத்தபோது, அச்சிறுமியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. சாரதி அதை வாங்கிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரு கைகளாலும் வாங்கி இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

அங்கிருந்து வடக்கே நாலந்தா கெடிகைக்குச் சென்றோம். அரைநாள் பிரயாணத்தில் இதனையும் சேர்த்துக்கொள்ள முடியும், பலர் சேர்ப்பதில்லை. திராவிடக் கட்டடக் கலையின் அமைப்பும் பௌத்த வழிபாட்டின் தேவையும் ஒன்றாய்க் கலந்த சிறு கற்கோயில் இது. மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு உடனே உறவு தோன்றும். போவதென்னை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இது நீரில் மூழ்கும் நிலை வந்தது. கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினர். இன்று மூன்று புறமும் நீர் தெரிய, பெயர்த்து நட்ட தடயம் எளிதில் தெரியாமல் நிற்கிறது. அத்தையார் அதன் சுவரைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஒட்ட வச்சிருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் முன் அவர் கேட்டுக்கொண்டபடி, இன்னும் சிறிது வடக்கே சென்று சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினோம். அதுவே நாம் முன்னர்க் குறிப்பிட்ட சாலை. மன்னார்க் கரையிலிருந்து காடுகளையும் குளக்கட்டுகளையும் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளையை அடைந்த பழைய வடக்குப் பாதையின் தடத்தை ஒட்டியே இன்றைய பெருவீதி இவ்விடத்தில் செல்கிறது. இவ்வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரவர். 1914இல் தலைமன்னாரோடு புகையிரதமும் கப்பலும் இணைக்கப்படும் முன்னமே இந்நடை வழக்கொழிந்துவிட்டது. அதனுடன் வழியில் புதைத்த இடங்களின் அடையாளமும் ஒழிந்தது. மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த வழியே நடப்பதென்று புறப்பட்டவர்களுக்கு, நல்ல சாலையிலும் பதினாறு நாட்கள் பிடித்தன.

அத்தையார் அம்பலத்தைத் தேடவில்லை. ஆற்றங்கரைகள் இங்கே பல. அம்பலங்கள் எத்தனையோ இடிந்து மறைந்தன. அவர் செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டுச் சாலையோரமாக வடக்கு நோக்கி நடந்தார். சாரதி வண்டியை மெதுவாகப் பின்னே ஓட்டி வந்தார். ஒரு நூறு யார் தூரம் நடந்திருப்பார். நின்று, "இதுக்கு மேல கால் வலிக்குது," என்று ஏறிக்கொண்டார்.

கண்டிக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. குழுவின் பேருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட ஆயத்தமாக நின்றது. அத்தையார் ஓலை நறுக்கை எங்களிடம் கொடுத்தார். கூடலூருக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டோம். "அவ மாத்தளைக்குத்தானே கெளம்பினா. இங்கயே இருக்கட்டும்," என்றார். அது இப்போது எங்கள் பூசை அறையில் இருக்கிறது.

மாத்தளைக்கு வருவோர்க்கு எங்கள் ஆலோசனை இதுவே. கோபுரத்தைப் பாருங்கள், குகையைப் பாருங்கள், மிளகு வாங்குங்கள். ஆனால் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையில் வண்டியில் கண்ணயர்ந்துவிடாதீர்கள். இந்த ஊரில் காண வேண்டியவற்றுள் பெரியது, வண்டியின் சக்கரத்தின் கீழே கிடக்கிறது. அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை, வழிகாட்டியும் இல்லை. அதற்கு வழிகாட்டிகள், நம் வீடுகளில் வெற்றிலை இடித்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிகளே.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரின் பெயர்களை நாட்டின் ஏட்டில் சேர்க்க மறுத்தது. இங்கே தங்கி நாடற்றிருந்தவர்களுள் எஞ்சியோர் அனைவருக்கும் அந்த ஏட்டில் இடம் தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரசாங்கத்தின் ஏடு அரசாங்கத்தின் கையில். ஆனால் வீட்டு ஏடு நம் கையில் அல்லவா? பஞ்சத்தில் பிக்குகள் ஒவ்வொருவராய் மறைந்தபோது எஞ்சியவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். அதற்குத் தாளிப்பனை ஓலை வேண்டியதில்லை. கடையில் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அருகில் அமருங்கள். யார் யார் நடந்து வந்தார்கள், எவர் வழியில் நின்றுபோனார்கள், யார் எந்தக் கப்பலில் திரும்பினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒன்றும் விடாமல் எழுதுங்கள். ஆண்பிள்ளைகளும் கேளுங்கள்.